அரிசி, உளுந்து, அரசாங்கம்: அமெரிக்கப் பால் மானியம் எப்படி இயங்குகிறது?

2023 ஜூலை மாதக் கணக்கு முடிந்தபோது அமெரிக்க வேளாண் துறை ஓர் எண்ணை வெளியிட்டது: 3.52 டாலர். நூறு பவுண்டு பாலை விற்ற காசிலிருந்து தீவனச் செலவைக் கழித்தால் பண்ணைக்காரர் கையில் நிற்பது அவ்வளவுதான் என்று அதற்குப் பொருள். நூறு பவுண்டு என்பது 45 கிலோவுக்குச் சற்று மேல். இந்த எண்ணை வைத்துப் பணம் தரும் மானியத் திட்டம் 2019இல் தொடங்கியது, அதில் அதுவரை இவ்வளவு தாழ்ந்த எண் வந்ததில்லை. விஸ்கான்சினிலும் வெர்மான்டிலும் நூறு, நூற்றைம்பது மாடு வைத்திருப்பவர்களின் வங்கிக் கணக்குகளுக்கு அரசுப் பணம் போய்ச் சேர்ந்தது. பண்ணைக்கு யாரும் வந்து பார்க்கவில்லை, வரவு செலவு நோட்டை யாரும் புரட்டவில்லை. எண் இறங்கியது, பணம் வந்தது.

விவசாய மானியம் என்றாலே கொடுக்கலாமா, கூடாதா என்றுதான் பேச்சு போகிறது. எந்தக் கணக்கின்படி கொடுக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் யார் தொடர்ந்து மாடு வளர்க்கிறார், யார் மாட்டை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போகிறார் என்பதை அந்தக் கணக்குத்தான் பெருமளவு தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் பால் பண்ணைகளையும் மேய்ச்சல் பண்ணைகளையும் எடுத்துக்கொண்டு அதை விளக்கப் பார்க்கிறேன்.

வீட்டில் இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கு விற்கும் ஓர் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். மத்தியானமே அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாக ஊறப்போடுகிறார், கூடவே ஒரு கைப்பிடி வெந்தயம். சாயங்காலம் கிரைண்டர் ஓடுகிறது. உப்புப் போட்டுக் கரைத்து வைத்த மாவு விடியும்போது பொங்கி நிற்கிறது. அதன்பின் அவருக்கு அவகாசம் கிடையாது. இன்று விலை சரியில்லை, அடுத்த வாரம் விற்கிறேன் என்று மூடி வைத்தால் புளித்துப்போகும். பால்காரரின் நிலைமை இன்னும் நெருக்கடியானது. அக்கா ஒரு நாள் அரைக்காமல் இருந்துவிடலாம். மாட்டை ஒரு நாள் கறக்காமல் விட முடியாது. மடி கட்டிக்கொள்ளும், மடிநோய் வரும். விலை விழுந்தாலும் ஏறினாலும் காலையிலும் மாலையிலும் கறந்தே ஆக வேண்டும். பாலுக்கென்று தனி மானியத் திட்டங்கள் உருவானதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

அக்காவின் சரக்கு மூன்று: அரிசி, உளுந்து, வெந்தயம். அமெரிக்க மாட்டுக்கும் அரசின் கணக்கில் சரக்கு மூன்றுதான்: மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, குதிரைமசால். நூறு பவுண்டு பாலுக்கு ஏறத்தாழ 27 கிலோ மக்காச்சோளம், ஆறரை கிலோவுக்குச் சற்று மேல் புண்ணாக்கு, 12 கிலோவுக்கு மேல் காய்ந்த குதிரைமசால் என்று சட்டத்திலேயே அளவு எழுதி வைத்திருக்கிறார்கள். கறக்கிற மாடு தின்பது மட்டுமல்ல, கறவை வற்றிய மாடு, கிடாரி, கன்று ஆகியவற்றின் தீனியையும் சேர்த்துப் போட்ட அளவு இது.

டெய்ரி மார்ஜின் கவரேஜ் என்ற இந்தத் திட்டம் 2018 டிசம்பரில் கையெழுத்தான பண்ணைச் சட்டத்தின் வழியாக வந்தது. அரசு அக்காவிடம் வந்து இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: “அக்கா, உங்கள் நோட்டை நான் பார்க்கப்போவதில்லை. இந்த மாதம் நாடு முழுக்க மாவு சராசரியாக என்ன விலைக்குப் போனது என்று பார்ப்பேன். அரிசியும் உளுந்தும் வெந்தயமும் சந்தையில் என்ன விலை விற்றன என்று பார்ப்பேன். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பேன். மிச்சம் ஒரு அளவுக்குக் கீழே போனால், குறைகிற காசை நான் போடுகிறேன். எந்த அளவு என்பதை வருடத் தொடக்கத்திலேயே நீங்கள் சொல்லிவிட வேண்டும். உயர்ந்த அளவு வேண்டுமென்றால் அதற்கு ஒரு சிறு கட்டணம்.”

திட்டத்தின் சாரம் முழுவதும் இந்தப் பேச்சில் அடங்கிவிடுகிறது. மிச்சத்தின் அளவை 4 டாலரிலிருந்து 9.50 டாலர் வரை அரை அரை டாலராகத் தேர்ந்தெடுக்கலாம். 4 டாலருக்குப் பிரீமியம் இல்லை, வருடத்துக்கு 100 டாலர் நிர்வாகக் கட்டணம் கட்டினால் போதும். 9.50 டாலர் வேண்டுமென்றால் நூறு பவுண்டு பாலுக்கு 15 சென்ட் பிரீமியம். பண்ணை முன்பு கறந்த அளவைப் பதிவுசெய்து, அதில் 95 சதவீதம் வரை காப்புக்குள் கொண்டுவரலாம். இந்த மலிவான கட்டணத்துக்கு ஒரு வரம்பு உண்டு. 2018 சட்டத்தில் அது வருடத்துக்கு 50 லட்சம் பவுண்டு பால். அதற்கு மேல் கறப்பவர்கள் கூடுதல் பாலுக்கு 8 டாலர் வரைதான் கேட்கலாம், அதற்கான பிரீமியமும் பல மடங்கு.

ஒரு பண்ணையை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 40 லட்சம் பவுண்டு பால் கறக்கும் பண்ணை. அமெரிக்க மாடு ஒன்று சராசரியாக வருடத்துக்கு 24,000 பவுண்டு, அதாவது நாளுக்கு 30 கிலோ கறக்கிறது. எனவே சுமார் 165 மாடுகள். குடும்பமும் இரண்டு மூன்று ஆள்களும் சேர்ந்து பார்க்கிற அளவு. 9.50 டாலர் காப்பை 95 சதவீதப் பாலுக்கு எடுத்திருந்தால் வருடப் பிரீமியம் 5,700 டாலர். 2023 ஜூலையில் மிச்சம் 3.52 டாலர் என்றால் குறை 5.98 டாலர். ஒரு மாதப் பாலுக்கு அதைப் பெருக்கினால், பிடித்தங்களுக்கு முன் ஏறக்குறைய 18,900 டாலர். ஒரே மாதத்தில், கட்டிய பிரீமியத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல். அந்த ஆண்டு 12 மாதங்களில் 11 மாதம் எண் 9.50க்குக் கீழே இருந்தது. நாடு முழுவதும் வழங்கிய தொகை 120 கோடி டாலரைத் தாண்டியது.

நல்ல திட்டம் என்றே நான் நினைக்கிறேன். சரக்கு விலை ஏறுவதும் விற்பனை விலை விழுவதும் ஒரே நேரத்தில் வந்தால் சின்னப் பண்ணை மூன்று மாதத்தில் கடனில் மூழ்கிவிடும். அந்த மூன்று மாதத்தை இது தாண்டவைக்கிறது. இதற்கு முன்னால் 2014 சட்டத்தில் வந்த திட்டத்தைப் பார்த்தால் இதன் அருமை தெரியும். அதிலும் இதே மூன்று சரக்குதான், இதே கழித்தல்தான். ஆனால் பட்ஜெட் செலவைக் குறைப்பதற்காக நாடாளுமன்றம் தீவன அளவுகளில் பத்து சதவீதத்தை வெட்டி எழுதிவிட்டது. அக்கா ஒரு படி உளுந்து போட்டால் அரசின் ஏட்டில் முக்காலே அரைக்கால் படிக்குச் சற்று மேல் என்று எழுதுவதைப்போல. ஏட்டில் செலவு குறைவாக இருந்ததால் மிச்சம் எப்போதும் நன்றாகவே தெரிந்தது. 2015இல் பண்ணைக்காரர்கள் பல கோடி டாலர் கட்டினார்கள், திரும்பி வந்தது பத்து லட்சம் டாலருக்கும் குறைவு. பலர் வெறுத்துப்போய்த் திட்டத்தின் அடிமட்டக் காப்புக்கு இறங்கிவிட்டார்கள்.

அந்தப் பத்து சதவீத வெட்டு சூத்திரத்தில் இன்றும் அப்படியே இருக்கிறது. 2018இல் அதைத் திருத்தாமல், காப்பின் உச்சத்தை 8 டாலரிலிருந்து 9.50க்கு உயர்த்தி ஈடுகட்டினார்கள். பின்னர் கறவை மாட்டுக்குப் போடுகிற உயர்தரக் குதிரைமசாலின் விலையைக் கணக்கில் எடுத்தார்கள். அக்காவின் உளுந்து முதல் தரமாக இருக்க, ஏட்டில் மட்டும் கலப்பு உளுந்தின் விலை இருந்ததை மாற்றினார்கள். சின்னத் திருத்தமாகத் தெரியும். இப்படிப்பட்ட திருத்தங்களில்தான் பண்ணைகளின் வாழ்வும் சாவும் இருக்கின்றன.

இனி இந்தக் கணக்கு எதையெல்லாம் பார்ப்பதில்லை என்று சொல்ல வேண்டும். அக்காவின் கிரைண்டருக்கு ஆகும் கரன்ட் பில் அதில் கிடையாது. பாக்கெட் கவர், வண்டிப் பெட்ரோல், கழுவிக் கொடுக்க வருகிற பெண்ணின் சம்பளம், கிரைண்டர் வாங்கிய கடனுக்கு வட்டி, அதிகாலையிலிருந்து அக்கா நிற்கிற நிற்புக்கான கூலி, எதுவுமே கிடையாது. அமெரிக்கப் பண்ணைக்காரருக்கும் அப்படித்தான். டீசல், கால்நடை மருத்துவர், ஆள் கூலி, வங்கி வட்டி எல்லாவற்றையும் அந்த 9.50 டாலருக்குள்தான் சமாளிக்க வேண்டும்.

நாட்டுச் சராசரி என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சொந்த நிலத்தில் மக்காச்சோளம் விளைவிக்கிறவருக்குத் தீவனச் செலவு சந்தை விலையைவிடக் குறைவு. ஆனாலும் விலைக்கு வாங்கியவரைப் போலவே அவருக்கும் பணம் வரும். மாறாக, தன் ஊரில் மட்டும் வறட்சி வந்து, எங்கிருந்தோ லாரியில் குதிரைமசால் வரவழைக்கிறவருக்கு நாட்டுச் சராசரி நன்றாக இருந்தால் ஒன்றும் வராது. ஒவ்வொருவர் நோட்டையும் புரட்டிப் பார்த்தால் செலவும் தாமதமும் தில்லுமுல்லும் கூடும் என்பதால் அரசு இந்த வழியைத் தேர்ந்தெடுத்தது. தேர்வில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் அந்த லாரிக்குக் காத்திருப்பவர்.

பெரிய பண்ணைகள் மலிவுக் கட்டண வரம்புக்கு வெளியே இருப்பதால் அவர்களுக்கு அரசு உதவி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2018 முதல் பால் வருவாய்க்கென்று ஒரு காப்பீடு இருக்கிறது. தனியார் முகவர்கள் விற்கிறார்கள், பிரீமியத்தில் கணிசமான பங்கை அரசு கட்டுகிறது. ஐந்தாயிரம் மாடு வைத்திருப்பவர் அந்த வாசல் வழியாக வருகிறார்.

அரசு ஒரு காசும் போடாத, ஆனால் எல்லாவற்றிலும் பெரிய ஏற்பாடு ஒன்றும் உண்டு. 1933இல் விஸ்கான்சினில் பால் விலை அடிமட்டத்துக்குப் போனபோது பண்ணைக்காரர்கள் சாலைகளை மறித்துப் பாலைக் கொட்டினார்கள், தேசியக் காவல் படையை இறக்க வேண்டி வந்தது. அந்தக் காலத்துக் கொந்தளிப்பின் பின்னணியில் 1937இல் வந்த சட்டத்தின் கீழ் இன்று 11 பகுதிகளில் பாலுக்கு அரசு குறைந்தபட்ச விலை வைக்கிறது. எந்தப் பயனுக்குப் போகிறது என்பதை வைத்து விலை. முதல் நாள் மாவு இட்லிக்குப் போகும், அதற்கு நல்ல விலை. அடுத்த நாள் தோசை, அதன்பின் ஊத்தப்பம், கடைசியில் குழிப்பணியாரம். மாவு ஒன்றுதான், விலை நான்கு. அமெரிக்கப் பாலிலும் நான்கு வகுப்புகள்: குடிக்கிற பால் முதல் வகுப்பு, தயிரும் ஐஸ்கிரீமும் இரண்டாவது, சீஸ் மூன்றாவது, வெண்ணெயும் பவுடரும் நான்காவது. ஒரு பகுதியில் மாவு விற்கிற அக்காக்கள் எல்லோருடைய பணமும் ஒரே கணக்கில் சேர்ந்து, சராசரி விலையாகப் பிரிகிறது. என் மாவு இட்லிக்குப் போனது, உன்னுடையது பணியாரத்துக்குப் போனது என்று சண்டையில்லை. இதற்குக் கஜானாவிலிருந்து பணம் போவதில்லை. கடையில் பால் வாங்குகிறவர் கொடுக்கும் விலையில் அது கலந்திருக்கிறது.

இப்போதைய கணக்கு வருவதற்கு முன் அமெரிக்கா வேறொரு வழியை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பின்பற்றியது. 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்காமல் நின்ற பாலை அரசே வெண்ணெயாகவும் செடார் சீஸாகவும் பவுடராகவும் வாங்கிக்கொள்ளும். விற்காத மாவு எவ்வளவு இருந்தாலும் கொண்டுவாருங்கள், நான் வாங்கி வடகம் பிழிந்து காயவைத்துக்கொள்கிறேன் என்று அரசு சொன்னால் தெருவில் என்ன நடக்கும்? ஒவ்வொரு வீட்டிலும் இரண்டாவது கிரைண்டர் வரும். 1977இல் ஆதரவு விலையை உயர்த்தியபின் அதுதான் நடந்தது. 1981 வாக்கில் அரசின் கையில் 20 கோடி கிலோவுக்கு மேல் சீஸ் சேர்ந்துவிட்டது. மிசூரி மாநிலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பாதாளச் சுரங்கங்களில் அடுக்கி வைத்தார்கள். பூசணம் பிடிக்கத் தொடங்கிய நிலையில், அந்த ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதி ரீகன் அதில் ஒரு பகுதியை ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்க உத்தரவிட்டார். ஐந்து பவுண்டுக் கட்டிகளாக வந்த அந்த ‘அரசாங்கச் சீஸ்’ ஒரு தலைமுறையின் நினைவில் இன்னும் இருக்கிறது.

சீஸைக் கொடுத்துத் தீர்த்தாலும் மாடுகள் கறந்துகொண்டேதான் இருந்தன. எனவே 1985 பண்ணைச் சட்டத்தில் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். மாட்டையெல்லாம் வெட்டுக்கு அனுப்பிவிட்டு ஐந்து ஆண்டுகள் பால் தொழிலுக்குத் திரும்புவதில்லை என்று ஒப்பந்தம் போட்டால் அரசு பணம் தரும். சுமார் 14,000 பண்ணைகள் சேர்ந்தன. கன்று, கிடாரி, பசு என்று 15 லட்சம் உருப்படிகள். மறுபடி பண்ணைக்குள் வந்துவிடாமலிருக்க அவற்றின் தாடையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் எக்ஸ் வடிவச் சூடு போட உத்தரவு. விலங்குநல அமைப்புகள் வழக்குப் போட்டன, ராச்செஸ்டர் நகரில் ஒரு கூட்டாட்சி நீதிபதி அந்தச் சூட்டைத் தடை செய்தார். தன் கையால் வளர்த்த பசுவின் முகத்தில் தானே சூடு போடும்படி ஒருவரிடம் சொன்ன திட்டம் அது. எந்தச் சூத்திரத்தையும் எழுதுகிறவர்கள் அதை ஒரு முறையாவது எண்ணிப்பார்க்க வேண்டும்.

மேய்ச்சல் பண்ணைகள் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். இறைச்சிக்காக மாடு வளர்க்கும் மேற்கு மாநிலத்து ராஞ்ச்காரர்களுக்கும் பாலுக்கும் தொடர்பில்லை. ஆனால் லட்சக்கணக்கான பால்மாடுகள் திடீரென்று இறைச்சிச் சந்தைக்கு வரப்போகின்றன என்ற அறிவிப்பு 1986 வசந்தத்தில் வந்ததுமே அவர்களுடைய மாட்டு விலை சரிந்தது. 40 கோடி பவுண்டு இறைச்சியை அரசே வாங்கி ஈடுசெய்யும் என்று சட்டத்தில் இருந்தும் அது போதவில்லை. மாடு வளர்ப்போர் சங்கம் நீதிமன்றம் போனது. ஒரு கைக்குக் கொடுத்த மானியம் பக்கத்துக் கையிலிருந்து பறித்துக்கொண்டு போனதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி நான் கண்டதில்லை.

ராஞ்ச்காரருக்கென்று உள்ள உதவி வேறு அடிப்படையில் இயங்குகிறது. அவருக்கு மூலப்பொருள் புல், புல்லுக்கு மழை. அக்கா வீட்டுக் கிணறு வற்றிவிட்டது, அரிசி ஊறப்போடவே தண்ணீர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு கிணற்றை எட்டிப் பார்ப்பதில்லை. ஊர் வரைபடத்தில் அவருடைய பகுதி என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்க்கிறது. அமெரிக்காவில் 1999 முதல் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வறட்சி வரைபடம் ஒன்று வெளியாகிறது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் வறட்சி மையமும் மத்திய அரசுத் துறைகளும் சேர்ந்து தயாரிப்பது. வறட்சியின் கடுமை கூடக்கூட டி0 முதல் டி4 வரை ஐந்து படிகள். மேய்ச்சல் காலத்தில் ஒரு கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) டி3 நிறத்தை ஒரு நாள் தொட்டாலே அங்குள்ள ராஞ்ச்காரர்களுக்கு மூன்று மாதத் தொகைக்குத் தகுதி வந்துவிடும். நிலைமை மோசமாக ஆக ஐந்து மாதம் வரை போகும். மாதத் தீவனச் செலவாகக் கணக்கிட்டதில் 60 சதவீதம், ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் உச்சவரம்பு. எல்லைக்கு இந்தப்புறம் டி3, அந்தப்புறம் டி1 என்றால், ஒரே வேலியின் இரு பக்கத்தில் காய்ந்த புல்லுக்கு ஒருவருக்குப் பணம், இன்னொருவருக்கு இல்லை. அதனால் அந்த வியாழக்கிழமை வரைபடத்தை ராஞ்ச்காரர்கள் கவனித்துப் பார்க்கிறார்கள்.

பனியிலும் வெள்ளத்திலும் மாடு செத்தால் சந்தை மதிப்பில் 75 சதவீதம் ஈடு தருகிற திட்டமும் உண்டு. ஆனால் திட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் போதாது, தேவைப்படும் நாளில் உயிரோடு இருக்க வேண்டும். 2013 அக்டோபர் முதல் வாரம் தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியில் அட்லஸ் என்ற பனிப்புயல் அடித்தது. மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சல் நிலத்தில்தான் இருந்தன, குளிர்கால ரோமம் முளைத்திருக்கவில்லை. முதலில் மழை நனைத்தது, அதன்மேல் பனி விழுந்தது. பள்ளங்களிலும் வேலியோரங்களிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் செத்துக் கிடந்தன. ஈட்டுத் திட்டமோ பண்ணைச் சட்டம் புதுப்பிக்கப்படாததால் காலாவதியாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தது. போதாக்குறைக்கு அதே வாரம் மத்திய அரசே நிதி ஒதுக்கீடு இல்லாமல் முடங்கிக் கிடந்தது. செத்த மாட்டைக் கணக்குக் காட்டக் கவுன்டி அலுவலகத்துக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. 2014 சட்டம் முன்தேதியிட்டு ஈடு கொடுத்து, திட்டத்தை நிரந்தரமாக்கியது. ஆனாலும் அந்தக் குளிர்காலத்தை ராஞ்ச்காரர்கள் வங்கிக் கடனிலும் அக்கம்பக்கத்தார் கொடுத்த கிடாரிகளிலும்தான் கடந்தார்கள்.

மேய்ச்சலில் மறைவான மானியம் ஒன்றும் இருக்கிறது. மேற்கில் பரந்து கிடக்கும் மத்திய அரசு நிலத்தில் மாடு மேய்க்கக் கட்டணம் உண்டு. பசுவும் அதன் கன்றும் ஒரு மாதம் மேய 2019 முதல் 2025 வரை 1.35 டாலர். 1986இல் ரீகன் உத்தரவிட்ட குறைந்தபட்சத் தொகையும் அதே 1.35 டாலர்தான். தனியார் நிலத்தில் இதற்குப் பல மடங்கு கேட்பார்கள். 2004 நிதியாண்டில் மேய்ச்சலுக்காக மத்தியத் துறைகள் குறைந்தது 14.4 கோடி டாலர் செலவழித்து 2.1 கோடி டாலர் வசூலித்தன என்று அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகமே எழுதியிருக்கிறது. இந்த இடைவெளியை யாரும் மானியம் என்று பெயரிட்டுக் காசோலையாகக் கொடுப்பதில்லை என்பதால் அது விவாதத்துக்கு வருவதே அரிது. எனக்கு இது சரியாகப் படவில்லை. கொடுப்பதானால் வெளிப்படையாகக் கொடுக்கட்டும், பெறுகிறவரின் பெயரும் தொகையும் மற்றத் திட்டங்களைப்போல ஏட்டில் ஏறட்டும்.

இவ்வளவு ஏற்பாடுகளுக்குப் பிறகும் சின்னப் பண்ணை நிலைத்ததா? 2003இல் அமெரிக்காவில் உரிமம் பெற்ற பால் பண்ணைகள் 70,000க்கு மேல். 2024இல் 25,000க்கும் கீழே. இதே காலத்தில் நாட்டின் பால் உற்பத்தி 17,000 கோடி பவுண்டிலிருந்து 22,600 கோடி பவுண்டு அளவுக்கு ஏறியது. பால் குறையவில்லை, பால்காரர்கள் குறைந்தார்கள். நாட்டின் கறவை மாடுகளில் பாதிக்கு மேல் இன்று ஆயிரம் மாட்டுக்கு மேற்பட்ட பண்ணைகளில் நிற்கின்றன. அங்கே நூறு பவுண்டு பாலுக்கான முழுச் செலவு ஐம்பது மாட்டுப் பண்ணையின் செலவில் பாதி அளவுக்குத்தான் வருகிறது. ஆள் கூலியும் கட்டடமும் எந்திரமும் அத்தனை மாடுகளுக்கும் பகிர்ந்துவிடுகின்றன. மானியச் சூத்திரமோ அரிசி, உளுந்து, வெந்தயத்தோடு நின்றுவிடுகிறது. பெரிய பண்ணையும் சின்னப் பண்ணையும் வேறுபடுகிற இடங்களான கூலி, வட்டி, டீசல் எதையும் அது தொடவில்லை. எனவே அது ஒரு மோசமான மாதத்திலிருந்து சின்னப் பண்ணையைக் காப்பாற்றுகிறது, பெரிய பண்ணையிடமிருந்து காப்பாற்றுவதில்லை.

நமக்கும் இதில் அக்கறை இருக்க நேரடியான காரணம் உண்டு. இந்திய அமெரிக்க வர்த்தகப் பேச்சுகளில் பால் பொருள்கள் தொடர்ந்து இழுபறியாக இருக்கின்றன. பால் பவுடருக்கு இந்தியா 60 சதவீதம் வரை சுங்க வரி வைத்திருக்கிறது, அதைத் திறக்கச் சொல்லி அமெரிக்கா கேட்கிறது. அங்கிருந்து வரக்கூடிய பவுடருக்குப் பின்னால் நான்கு வகுப்பு விலையும், பிரீமியத்தில் பங்கு கட்டும் அரசும், ஆயிரம் மாட்டுக் கொட்டிலும் நிற்கின்றன. நம் ஊர் இரண்டு மாட்டுக்காரர் அந்த விலையோடு மோத வேண்டும் என்று சொல்கிறவர்கள், அந்த விலை உருவாகும் விதத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் மலிவுக் கட்டணத்தின் வரம்பை 50 லட்சம் பவுண்டிலிருந்து 60 லட்சமாக, அதாவது ஏறத்தாழ 250 மாட்டுப் பண்ணை வரைக்கும் உயர்த்தியது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் முதல் நூறு மாடுகளுக்காவது கூலியையும் வட்டியையும் சூத்திரத்தில் சேர்த்திருக்க வேண்டும், பத்து சதவீத வெட்டை எடுத்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. திட்டம் இதே சூத்திரத்தோடு 2031 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.